அட்டெண்டன்ஸ் அலவன்ஸ்: எங்கட வயசான ஆக்களுக்கு இதை எப்பிடிச் சொல்லி விளங்கப்படுத்திறது? (யூகே)

வடலி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஹரோவில மூத்த ஆக்கள் கூடுற இடமொண்டில கிழமைக்கொருக்கா போய் நிக்கிறனான், தேத்தண்ணி குடுக்கிறது, கவுன்சிலால வந்த கடிதத்தை வாசிச்சுச் சொல்லுறது, ஜிபிக்கு (குடும்ப டொக்டருக்கு) ஃபோன் எடுத்துக் குடுக்கிறது இப்பிடியான வேலையள். வாறவையில கனபேர் எண்பதை அண்டினவை. ஒராளுக்கு பார்க்கின்சன்ஸ், ஒராளுக்கு ரெண்டு முழங்காலும் மாத்தினது, இன்னொரு அம்மாவுக்கு சர்க்கரையால கண் மங்கிப்போச்சுது. எண்டாலும் இவையில கனபேருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (ஏலாத மூத்த ஆக்களுக்கு அரசாங்கம் கிழமைக் கணக்கில குடுக்கிற காசு) எண்டொண்டு இருக்கிறதே தெரியாது. தெரிஞ்சவையும் "அது கஷ்டப்பட்ட சனத்துக்கு, எங்களுக்கு வீடு சொந்தமா இருக்கு, தரமாட்டாங்கள்" எண்டு விட்டிடுவினம்.

இதுக்கு வீடும் பாக்கிறேல்ல, பாங்கில கிடக்கிற காசும் பாக்கிறேல்ல, பிள்ளையளின்ர சம்பளமும் பாக்கிறேல்ல. ஸ்டேட் பென்சன் வயசு வந்திருக்கவேணும், 2026 ஏப்ரல் வரைக்கும் அது 66ஆ இருந்தது, அதுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமா 67க்குக் கூடுது. வருத்தத்தாலயோ ஏலாமையாலயோ இன்னொராளின்ர உதவி ஆறு மாசமாத் தேவைப்பட்டிருக்கவேணும். பகலில மட்டும் அல்லது இரவில மட்டும் தேவையெண்டால் கிழமைக்கு 73.90 பவுண்ஸ், ரெண்டு நேரமும் எண்டால் 110.40. இது 2025 ஏப்ரலில இருந்து ஒரு வருசத்துக்கு இருந்த தொகை. வரி இல்லை. கூடின தொகையை வருசத்துக்குப் பெருக்கிப் பாருங்கோ, 5700க்கு மேல வருது, பென்சனே ஒழுங்கா வராத ஒரு அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய காசு.

நோட்டீஸ் தமிழில அடிச்சு மேசையில வைச்சம். ஆக்கள் எடுத்து மடிச்சு ஹாண்ட்பாக்கில வைக்கினம், அதோட சரி, ஒருத்தரும் திரும்பி வந்து கேக்கினமில்லை. உங்கட பக்கத்தில என்ன செய்யிறியள்?

நெய்தல்:
வடலி, நான் கிழக்கு லண்டனில ஒரு ஆலோசனை நிலையத்தில இந்த ஃபோர்ம் நிரப்பிக் குடுக்கிற வேலைதான் செய்யிறன். நோட்டீஸில "உங்களுக்குப் பராமரிப்புத் தேவையா" எண்டு கேட்டிருந்தால் எங்கட அப்பாமாரில ஒராளும் ஓம் எண்டு சொல்லமாட்டினம். படுக்கையில விழுந்த ஆளுக்குத்தான் அது எண்டு நினைப்பினம். நான் வேற மாதிரிக் கேப்பன். அம்மா, குளிக்கேக்க ஆர் பக்கத்தில நிக்கிறது? சட்டைக் கைக்குள்ள கையை விடேக்க தோள்மூட்டு நோகிறேல்லையோ? குளிசையை ஆர் எடுத்துத் தாறது, நீங்களா எடுத்தால் மாறி எடுத்திடுவியளோ? ராத்திரி பாத்ரூமுக்கு எழும்பினால் மருமகளைக் கூப்பிடுறனீங்களோ? இப்பிடிக் கேட்டால் கதை தானா வரும். "மகள்தான் கையைப் பிடிச்சு பாத்துக்குள்ள இறக்கிறவ, இல்லாட்டி வழுக்கிப்போடும்" எண்டுவா. சட்டம் கேக்கிற உதவி அதுதான்.

இன்னொண்டும் சொல்லவேணும். உதவி செய்ய ஒராள் வீட்டில இருக்கவேணும் எண்டில்லை. தனிய இருக்கிற ஐயா கட்டில் விளிம்பில இருந்து முக்கால் மணித்தியாலம் இழுபறிப்பட்டு காற்சட்டை போடுறார் எண்டால் அவருக்கு உதவி தேவை, அவ்வளவுதான் கணக்கு. உதவி கிடைக்குதோ இல்லையோ அது வேற விசயம்.

ஆனா சமையல், கடைக்குப் போறது, வீடு கூட்டிறது இதுகள் சேராது. கனபேர் ஃபோர்மில இதைத்தான் பக்கம் பக்கமா எழுதிப்போட்டு உடுப்பு, குளிப்பு, பாத்ரூம் பற்றி ஒரு வரிகூட எழுதுறேல்ல, வெக்கம். உடம்போட சம்பந்தப்பட்ட உதவியும், ஆபத்து வராமப் பக்கத்தில நிண்டு பாக்கிறதும்தான் இதில எடுபடும். விழுந்திடுவார், அடுப்பை அணைக்க மறந்திடுவா, ரோட்டில இறங்கினால் வீடு திரும்பத் தெரியாது, இதெல்லாம் எழுதவேணும்.

பிச்சிப்பூ:
நாங்க மதுரைப் பக்கம், இப்ப ஈஸ்ட் ஹாம்ல இருக்கோம். என் மாமியாருக்கு வாங்கிக் குடுக்கறதுக்குள்ள பெரிய பாடாயிடுச்சுங்க. "என் புள்ள சம்பாதிக்கிறான், நான் எதுக்கு கவர்மெண்ட்கிட்ட கை நீட்டணும், நாலு பேரு என்ன சொல்லுவாங்க" இதேதான் மாசக்கணக்கா. என் வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பாத்தாரு, நான் சொன்னா இன்னும் மோசம், மருமக என்னைச் சுமையா நினைக்கிறான்னு அர்த்தம் பண்ணிக்குவாங்க.

அவங்க மனசு மாறினது எப்படின்னா, மகாலக்ஷ்மி கோயில்ல அவங்க வயசு அம்மா ஒருத்தங்க எனக்கு வருதுன்னு சாதாரணமா சொல்லியிருக்காங்க, என் பேர்ல என் அக்கவுண்ட்ல வருதுன்னு. வீட்டுக்கு வந்து முதல் கேள்வியே "என் பேர்லயா வரும்?". எனக்கு அப்பதான் உறைச்சது, அவங்க வாழ்க்கைல அவங்க பேர்ல பணம்னு வந்ததே இல்ல, முதல்ல மாமா குடுத்தாரு அப்புறம் பையன் குடுக்கறாரு. இப்ப பேத்தி பொறந்தநாளுக்கு அவங்களே குடுக்கறாங்க, கால் வலிச்சா கோயிலுக்கு மினிகேப் சொல்லிட்டு போறாங்க, யாரையும் கேக்கறதில்ல. அதனால நோட்டீஸ்ல பராமரிப்பு உதவித்தொகைன்னு பெருசா போடறதை விட "உங்கள் பெயரில், உங்கள் கணக்கில்"னு போடுங்க, அதுதான் அவங்க காதுல விழும்.

தனிப்பனை:
நான் கொஞ்சம் மாறிக் கதைக்கப்போறன், கோவிக்காதேங்கோ. எல்லாருக்கும் சொல்லு சொல்லு எண்டு வெளிக்கிட்டால் நாளைக்கு தமிழாக்கள் பொய் சொல்லி சோசல் காசு எடுக்கினம் எண்ட பேர்தான் மிஞ்சும். என்ர அப்பா ஊரில தலைமை ஆசிரியரா இருந்தவர், அவருக்கு இந்தக் கதையே பிடிக்காது, அவரை நான் பிழை சொல்லமாட்டன். மற்றது எங்கட ஏரியாவில ஒராள் காசு வாங்கிக்கொண்டு ஃபோர்ம் நிரப்புறார், எல்லாற்ற ஃபோர்மிலயும் ஒரே வசனம். அதைக் கேள்விப்பட்ட பிறகு நேர்மையான ஆக்கள் இந்தப் பக்கமே வரமாட்டினம். தகுதியில்லாத ஆள் ஆர் எண்டதையும் சேர்த்துச் சொல்லுங்கோ.

நெய்தல்:
தனிப்பனை அண்ணை, காசுக்கு நிரப்புற ஆள் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் எண்ட தொண்டு அமைப்புகள், கனக்க கவுன்சில்களின்ர வெல்ஃபெயார் ரைட்ஸ் ஆக்கள், எல்லாரும் சும்மாதான் செய்து குடுப்பினம், ஒரு பென்னி குடுக்கத் தேவையில்லை. வாற காசில பங்கு கேக்கிற ஆளிட்ட போகவே கூடாது. அப்பா அம்மா சொல்லாத ஒரு வரியையும் எழுதக்கூடாது, கையெழுத்து அவையின்ர, பொறுப்பும் அவையின்ர.

ஆனா மானப் பிரச்சினை எண்டதை நான் ஏற்கமாட்டன். இந்த அலவன்ஸ் 1971இல வந்தது. இண்டைக்கு ஒண்டரை மில்லியனுக்கு மேற்பட்ட ஆக்கள் எடுக்கினம், அதில பெரும்பான்மை இந்த நாட்டு வெள்ளைக்காரக் கிழவன் கிழவியள், சொந்த வீட்டில இருந்து நல்ல ஒக்குபேஷனல் பென்சனோட எடுக்கிறவையும் இருக்கினம், அவை ஒருத்தரும் இதைப் பிச்சையா நினைக்கினமில்லை. உங்கட அப்பா மாதிரி ஆக்களுக்கு நான் சொல்லுறது, ஏலாமை வந்தால் செலவு கூடும், ஹீட்டிங் கூடப் போடவேணும், டாக்ஸி பிடிக்கவேணும், அந்தச் செலவை ஈடுகட்டத்தான் இது, வறுமைக்குக் குடுக்கிற காசில்லை. நஷனல் இன்சூரன்ஸ் கட்டியிருக்கவேணும் எண்டும் இல்லை. தொண்ணூறுகளில அகதியா வந்து, அல்லது பிள்ளையளிட்ட வந்து, இங்க ஒருநாளும் வேலை செய்யாத அம்மாமார் இதாலதான் தங்களுக்கு ஒண்டும் கிடையாது எண்டு நம்பிக்கொண்டிருக்கினம்.

தகுதி இல்லாதது ஆர் எண்டும் கேட்டனீங்கள். நடக்க மட்டும் கஷ்டம், மற்றதெல்லாம் தானே செய்வார் எண்டால் இது கிடையாது, இதில நடமாட்டத்துக்கெண்டு தனிப் பகுதி இல்லை. இங்கிலிஷ் தெரியாததால கடிதம் வாசிக்க, டொக்டரிட்ட கதைக்க ஆள் தேவை எண்டதும் சேராது. கண் தெரியாம, காது கேளாம உதவி தேவையெண்டால் சேரும்.

வடலி:
தனிப்பனை சொன்னதில ஒரு நியாயம் இருக்கு, அப்பா மாதிரி ஆக்களிட்ட பக்குவமாக் கதைக்கவேணும், நோட்டீஸில தகுதி இல்லாதவையைப் பற்றியும் போடுறன். எனக்கு ஆத்திரம் வாறது வேற இடத்தில. பென்சன் கிரெடிட்டை (வருமானம் குறைஞ்ச பென்சன்காரருக்குக் குடுக்கிற காசை) எத்தினை பேர் எடுக்காம விடுகினம் எண்டு அரசாங்கம் வருசா வருசம் கணக்கு வெளியிடுது, அட்டெண்டன்ஸ் அலவன்ஸுக்கு அப்பிடி ஒரு கணக்கே வாறேல்ல. எத்தினை பேரிட்டப் போய்ச் சேரேல்ல எண்டு எண்ணிக்கூடப் பாக்காட்டி ஆர் தேடி வருவினம்? நாங்கள்தான் தேடிப் போகவேணும்.

கரையோரம்:
அம்மாவுக்குப் போட்டு இல்லையெண்டு கடிதம் வந்திட்டுது. வயசு 81, மூட்டுவாதம், இருதயமும் பலவீனம். ஃபோர்மை தம்பி பக்கத்தில இருந்து அம்மா சொல்லச் சொல்ல நிரப்பினவன், அம்மா எல்லாத்துக்கும் "நான் செய்வன், மெல்ல மெல்லச் செய்வன்" எண்டு சொல்லியிருக்கிறா. ஜிபியிட்டக் கேட்டிருக்கிறாங்கள், அவர் என்ன எழுதினாரோ தெரியேல்ல. இனி ஒண்டும் செய்யேலாதோ?

நெய்தல்:
செய்யலாம். கடிதத்தில இருக்கிற திகதியில இருந்து ஒரு மாசத்துக்குள்ள மண்டேற்றரி ரீகன்சிடரேஷன் (முடிவைத் திரும்பப் பாக்கச் சொல்லுறது) கேளுங்கோ, அதுவும் சரிவராட்டி ட்ரிபியூனலுக்கு (அப்பீல் மன்றத்துக்கு) போகலாம். அந்த ஒரு மாசத்தைத் தவறவிடாதேங்கோ, முதல் ஃபோன் எடுத்து கேக்கிறம் எண்டு சொல்லிட்டு பிறகு விபரத்தை எழுதி அனுப்புங்கோ.

எழுதேக்க "மெல்ல மெல்லச் செய்வன்" எண்டதை விரிச்சு எழுதுங்கோ. மெல்ல எண்டால் எவ்வளவு நேரம், இடையில எத்தினை தரம் மூச்சு வாங்க இருக்கிறா, பட்டன் போட ஏலாம பிளவுஸை விட்டிட்டு எப்ப இருந்து நைட்டியோட இருக்கிறா, விழுந்தது எப்ப. ஒரு கிழமைக்கு கொப்பியில எழுதி வையுங்கோ, காலமை எழும்பினதில இருந்து படுக்கிறவரைக்கும். எங்கட அம்மாமார் நல்ல நாளைத்தான் சொல்லுவினம், கேக்கிறவங்களுக்கு மற்ற நாளும் தெரியவேணும்.

இரவுக்கு வேற கணக்கு. படுத்தபிறகு ஒரு இரவில ரெண்டு தரம் அல்லது கூட எழும்பி உதவவேண்டி வந்தால், அல்லது ஒருதரம் எண்டாலும் இருபது நிமிசமளவு பிடிச்சால், அது இரவுத் தேவை. பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போறது, நோவில திருப்பிப் படுக்க வைக்கிறது, நனைஞ்ச சீட் மாத்திறது எல்லாம் வரும். மகள் நித்திரை முழிச்சுச் செய்யிறதை மகளே எழுதிக் குடுக்கலாம்.

ஜிபி விசயம் முக்கியம். பத்து நிமிச அப்போயின்ட்மெண்டில டொக்டர் "ஹவ் ஆர் யூ" எண்டு கேட்டவுடன அம்மா "ஃபைன் டொக்டர்" எண்டுவா, அவர் அதைத்தான் கொம்பியூட்டரில அடிப்பார். அடுத்தமுறை நீங்களும் உள்ள போய் வீட்டில நடக்கிறதைச் சொல்லுங்கோ, அது பதிவில இருக்கட்டும்.

பிச்சிப்பூ:
நெய்தல், என் ஃப்ரெண்டோட அப்பா அம்மா ரெண்டு பேரும் இங்க விசால இருக்காங்க, அவங்களும் போடலாமா? வாட்ஸ்ஆப் குரூப்ல ஒருத்தர் எல்லாரும் போடலாம்னு சொல்றாரு.

நெய்தல்:
வேண்டாம், அவசரப்படவேண்டாம். விசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவிக்காசு) எடுக்கேலாது எண்டு போட்டிருந்தால் கிளெய்ம் போடுறது விசாவையே பாதிக்கலாம். பிள்ளை ஸ்பொன்சர் பண்ணி வந்தவைக்கு விதி வேற மாதிரி இருக்கு, அதனால ஃபோர்ம் எடுக்கிறதுக்கு முதல் இமிக்ரேஷன் தெரிஞ்ச ஆலோசகரிட்ட விசாக் கடிதத்தைக் காட்டிக் கேக்கச் சொல்லுங்கோ. பாஸ்போர்ட் எடுத்தவைக்கும் நிரந்தரமாத் தங்குற உரிமை தனியாக் கிடைச்சவைக்கும் இந்தச் சிக்கல் இல்லை, ஆனா கடைசி மூண்டு வருசத்தில ரெண்டு வருசம் எண்டாலும் இங்க இருந்திருக்கவேணும். அகதி அந்தஸ்து கிடைச்சவைக்கு அந்த ரெண்டு வருசமும் தேவையில்லை.

மாரிகாலம்:
நல்ல இழை. நான் ரெண்டு விசயம் கேக்கவேணும். நான் வேலையைக் குறைச்சுப்போட்டு அம்மாவைப் பாக்கிறன், அம்மாவுக்கு இது வந்தால் எனக்கும் ஏதும் இருக்கோ? மற்றது அம்மா மார்கழி மாசம் ஊருக்குப் போனால் சித்திரைக்குப் பிறகுதான் வாறவ, குளிர் ஒத்துவராது, அந்த நேரமும் காசு வருமோ?

நெய்தல்:
கிழமைக்கு 35 மணித்தியாலமோ கூடவோ பாத்தால் உங்களுக்கு கெயாரர்ஸ் அலவன்ஸ் (பராமரிக்கிற ஆளுக்குக் குடுக்கிற காசு) கேக்கலாம், 2025-26இல அது கிழமைக்கு 83.30 பவுண்ஸ். வேலை செய்தாலும் வரி எல்லாம் கழிச்சு கையில வாறது ஒரு எல்லையைத் தாண்டக்கூடாது, 2025-26இல அது கிழமைக்கு 196 பவுண்ஸ், ஒரு பென்னி தாண்டினாலும் அந்தக் கிழமைக் காசு போயிடும், கனபேர் இதில மாட்டி திருப்பிக் கட்டிக்கொண்டிருக்கினம், கவனம். அவ்வளவு மணித்தியாலம் இல்லாட்டியும் 20 மணித்தியாலமோ கூடவோ பாத்தால் கெயாரர்ஸ் கிரெடிட் இருக்கு, காசு வராது, ஆனா உங்கட பென்சன் வருசம் விடுபடாது.

ஒண்டு கேக்கவேணும், அம்மா உங்களோட இருக்கிறாவோ தனியவோ? தனிய இருந்து பென்சன் கிரெடிட்டும் எடுக்கிறா எண்டால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வந்தவுடன பென்சன் கிரெடிட் கூடும், 2025-26இல அது கிழமைக்கு 82.90. நீங்கள் கெயாரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அந்தக் கூடின காசு நிண்டுபோம். அப்ப உங்கட கைக்கு வாறதும் அம்மாவின்ர கையில இருந்து போறதும் கிட்டத்தட்ட ஒண்டுதான், எது நல்லம் எண்டு கணக்குப் பாத்துட்டுத்தான் போடவேணும். உங்களோட ஒரே வீட்டில எண்டால் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை வராது.

ஊர்ப் பயணம்: தற்காலிகமாப் போனால் 13 கிழமை வரைக்கும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வரும், அங்க வைத்தியத்துக்கெண்டு போனால் 26 கிழமை. பென்சன் கிரெடிட் எண்டால் பொதுவா நாலு கிழமைதான். மார்கழியில போய் சித்திரைக்குப் பிறகு வாறது 13ஐத் தாண்டும், போகமுதல் டிடபிள்யூபிக்கு (இந்தக் காசைக் குடுக்கிற அரச திணைக்களத்துக்கு) சொல்லவேணும், சொல்லாம எடுத்த காசைப் பிறகு திருப்பிக் கேப்பாங்கள். ஆஸ்பத்திரியில 28 நாளுக்கு மேல இருந்தாலும் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் நிண்டுபோம், வீட்டுக்கு வந்தபிறகு திரும்பத் தொடங்கும், அதுக்கும் அறிவிக்கவேணும்.

கிளாஸ்கோமழை:
ஸ்கொட்லாந்தில இருக்கிறவைக்கு ஒரு சின்னக் குறிப்பு. இங்க இப்ப இதின்ர பேர் பென்சன் ஏஜ் டிசபிலிட்டி பேமெண்ட், 2025 ஏப்ரலில இருந்து முழு நாட்டிலயும் சோசல் செக்யூரிட்டி ஸ்கொட்லாந்துதான் குடுக்குது. லண்டனில இருக்கிற பிள்ளையள் அங்கத்தை ஃபோர்மை இங்க இருக்கிற அம்மா அப்பாவுக்கு நிரப்பி அனுப்பாதேங்கோ.

தனிப்பனை:
நெய்தல், விளக்கத்துக்கு நன்றி. அப்பாவோட கதைச்சுப் பாக்கிறன், அவர் ஓம் எண்டு சொன்னால்தான். ஆனா பென்சன் வயசு வராத ஆக்கள் என்ன செய்யிறது? அம்மாவுக்கு 64, பக்கவாதம் வந்து ஒரு கை சரியா இயங்காது, அந்த வயசு வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்.

நெய்தல்:
அண்ணை, காத்திருக்கவேண்டாம், இதைத்தான் நான் எல்லாரிட்டயும் கத்திச் சொல்ல விரும்புறன். பென்சன் வயசுக்கு முதல் போடவேண்டியது பிஐபி (பேர்சனல் இன்டிபென்டன்ஸ் பேமெண்ட்). அதில நடமாட்டத்துக்கு வேறயாக் காசு இருக்கு, சமையலும் கணக்கில வரும், பென்சன் வயசுக்கு முதல் கிடைச்சிட்டால் அதுக்குப் பிறகும் அதிலயே தொடரலாம். பென்சன் வயசு தாண்டிப் புதுசாப் போட்டால் அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் மட்டும்தான், நடமாட்டக் காசு கிடையாது. காத்திருக்கிற காலத்துக் காசும் போகுது, வாழ்நாள் முழுக்க வாற மோபிலிட்டியும் போகுது. நாளைக்கே ஃபோன் எடுங்கோ.

பிச்சிப்பூ:
வடலி, எங்க சொல்றதுங்கறதுக்கு என் யோசனை. கோயில்ல மைக்ல அறிவிச்சா யாரும் கேக்க மாட்டாங்க, அன்னதானம் முடிஞ்சு உக்காந்திருக்கற நேரம்தான் சரி. தமிழ் தெரிஞ்ச ஃபார்மசிஸ்ட் இருக்கற கடைங்க ரொம்ப நல்ல இடம், மாசாமாசம் டாஸெட் பெட்டி (நாள்வாரியா மாத்திரை பிரிச்சு வச்ச பெட்டி) வாங்க வர்றவங்கள்ல நிறைய பேரு தகுதியானவங்களா இருப்பாங்க, அந்தப் பைக்குள்ளயே ஒரு தாள் போட்டுக் குடுக்கச் சொல்லலாம். ஏற்கனவே வாங்கற அம்மா அப்பா ரெண்டு பேரைப் பேச வையுங்க, அவங்க வயசுக்காரங்க சொன்னாதான் நம்புவாங்க.

வடலி:
பிச்சிப்பூ அக்கா, பார்மசி யோசனை எனக்கு ஓடவே இல்லை, நாங்கள் போற கடை அண்ணையிட்ட இந்தக் கிழமையே கதைக்கிறன். நோட்டீஸையும் மாத்தி நெய்தல் சொன்ன கேள்வியளைப் பெரிய எழுத்தில போட்டு, கீழ "இதில ரெண்டுக்கு ஓம் எண்டால் எங்களோட கதையுங்கோ" எண்டு போடுறம். மேசையில ஒரு ஃபோனும் வைப்பம், அங்கயே ஃபோர்முக்கு அடிக்கலாம்.

கடைசியா ஒண்டு நெய்தல். எங்களிட்ட வாற ஒரு ஐயாவுக்கு டிமென்ஷியா, மனைவியும் அவருமா இருக்கினம், அவருக்குக் கையெழுத்து வைக்கவே விளங்காது. அவருக்கு எப்பிடிப் போடுறது?

நெய்தல்:
மனைவியோ பிள்ளையோ டிடபிள்யூபியிட்ட அப்பொயின்டீயா (அவருக்குப் பதிலா நிக்கிற ஆளா) இருக்கக் கேக்கலாம், அவங்கள் ஆளைச் சந்திச்சுக் கதைச்சுட்டுத்தான் சம்மதிப்பாங்கள், பிறகு அவருக்குப் பதிலா அவை கையெழுத்து வைக்கலாம். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வந்தபிறகு அதோட நிக்கவேண்டாம். டொக்டரின்ர சான்றிதழோட கவுன்சிலுக்கு எழுதினால் கவுன்சில் டாக்ஸில (வீட்டுக்குக் கட்டுற உள்ளூர் வரியில) அவரைக் கணக்கெடுக்காம விடுவாங்கள், வீட்டில மனைவி மட்டும்தான் மற்ற ஆள் எண்டபடியால் 25 சதவீதம் குறையும். இதே நிலைமையில ஒராள் தனிய இருந்தால் கவுன்சில் டாக்ஸே இல்லை. முந்தின காலத்துக்கும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கோ.

ஃபோர்முக்கு எடுக்கவேண்டிய நம்பர் 0800 731 0122, காசில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு கேட்டால் லைனில எடுத்துத் தருவாங்கள். ஃபோன் எடுத்த திகதியை எழுதி வையுங்கோ, ஆறு கிழமைக்குள்ள நிரப்பி அனுப்பினால் எடுத்த அந்த நாளில இருந்து காசு கணக்குப் பாப்பாங்கள், அதுக்கு முந்தின காலத்துக்குத் தரமாட்டாங்கள். அந்த ஐயாவுக்கு இந்தக் கிழமையே எடுங்கோ.